கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்

அந்த ஸ்டூலில் ஆயில் இருக்கும் ஐயா, இந்த நாற்காலியில் உட்காருங்கள். என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கையில் ஒரு சேம்பிளோடுதான் வருவார்கள். கழற்றிய பழைய சாமானை அழுக்குத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து இந்த மேசைமேல் வைப்பார்கள். நீங்களும் சேம்பிளோடுதான் வந்திருக்கிறீர்கள். ஒரே வித்தியாசம், உங்களுடையதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை ஒட்டி, மேலே நம்பர் எழுதியிருக்கிறீர்கள்.

இந்த ஹோஸ் எந்த வண்டியில் இருந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இது எந்த அளவு, எதில் பொருந்தும், எதில் பொருந்தாது என்று நீங்கள் கேட்டீர்கள். சொல்கிறேன். முனைத் திருகு மரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை டேப்பு எப்படி வந்தது என்றும் கேட்டீர்கள். அதையும் சொல்கிறேன், அதன் இடம் வரும்போது. எதற்கும் ஒரு முறை உண்டு.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவில் இத்தனை வருஷமாக இந்தக் கடையை நடத்துகிறேன். போர்வெல் வண்டி, டிப்பர், பஸ், எதில் ஹோஸ் வெடித்தாலும் தனபால் கடைக்குப் போ என்றுதான் சொல்வார்கள். பழைய சாமானை வைத்தால் போதும். விரல் நுனியை மரைமேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவேன், இஞ்ச் மரையா எம்.எம். மரையா என்று விரலே சொல்லிவிடும். கேஜ் வைத்துப் பார்ப்பதெல்லாம் வந்தவரின் திருப்திக்காக. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நடந்ததில் அதற்கும் பங்கு இருப்பதால் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

கடை ஆரம்பித்த புதிதில் நான் வாய் ஓயாமல் பேசுவேன். ஒரு லாரி ஓனரிடம், உங்கள் ஃபிட்டர் மாட்டியிருக்கும் ஹோஸ் இந்த வண்டிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் அந்த ஃபிட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பட்டறையிலிருந்து ஓர் ஆள்கூட என் கடைப் படி ஏறவில்லை. அன்றோடு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால், வேண்டிய சாமானைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். இதில் ஒரு தப்பும் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கதிர்வேல் என் தங்கை மைதிலியின் வீட்டுக்காரர். ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தார். நல்ல மனிதர், இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். குடி கிடையாது, சீட்டு கிடையாது, என் தங்கை கண் கலங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை.

கல்யாணம் ஆன புதிதில் எதற்கெடுத்தாலும் என்னிடம்தான் கேட்பார். பண்ணை ஜெனரேட்டருக்கு எந்த பெல்ட், முட்டை ஏற்றுகிற டெம்போவுக்கு எந்த டயர், எல்லாவற்றுக்கும் ஒரு போன் வரும். நான் சொல்லி முடித்ததும், "நீங்க சொன்னாச் சரிங்க மச்சான்" என்பார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ஒரு சுகம் இருந்தது ஐயா. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் அதை நினைத்துக்கொண்டு போவேன். கேட்பதற்குச் சின்னத்தனமாக இருக்கும், இருந்தாலும் அதுதான் உண்மை.

பிறகு அவர் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். எங்கோ யாரோ பழைய வண்டியைப் பிரித்து மாட்டுகிற வீடியோக்கள். அதைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்து, சேலத்தில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து ஜீப் ஒன்றை வாங்கி வந்தார். தீவனக் கொட்டகையில் வைத்துத் தன் கையாலேயே கட்டினார். முன்பக்கம் பழைய பிரேக்கைத் தூக்கிவிட்டு, வேறு ஒரு புது வண்டியின் டிஸ்க் பிரேக்கை வைத்தார். இது எதுவும் அவர் சொல்லி எனக்குத் தெரியாது. தீவன லாரி ஓட்டுகிறவர் ஹோஸ் மாற்ற வந்தபோது சொல்லித்தான் தெரியும்.

இங்கே கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய ஜீப்பின் உடம்பு முழுக்க இஞ்ச் கணக்கு. அவர் வைத்த புது காலிப்பர், அதாவது சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற சாமான், எம்.எம். கணக்கு. இரண்டையும் சேர்க்கிற ஹோஸுக்கு ஒரு முனையில் இஞ்ச் மரையும் மறுமுனையில் எம்.எம். மரையும் இருக்க வேண்டும். அப்படி ஒரு ஹோஸ் கடையில் தொங்காது, செய்துதான் ஆக வேண்டும். அதைச் செய்கிற மெஷின் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் என்னிடம் வரவில்லை. செல்போனிலேயே ஆர்டர் போட்டு, மேலே ஸ்டீல் வலை பின்னிய பளபளப்பான ஹோஸ் வரவழைத்தார். பார்க்க அழகான சாமான். இரண்டு முனையும் இஞ்ச்.

மரை வேறு என்றால் ஏறாது என்று நீங்கள் நினைப்பீர்கள். ஏறும், அதுதான் வம்பு. இந்த இரண்டு அளவுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். லேசாக ஆடிக்கொண்டே ஏறும், கடைசியில் இறுகின மாதிரியும் இருக்கும். நம் ஊர்ச் சமவெளியில் யார் பிரேக்கை முழுசாக மிதிக்கிறார்கள்? மாடு குறுக்கே வந்தால் மிதிப்போம், டோல்கேட்டில் மிதிப்போம். அதற்கெல்லாம் அது தாங்கும். மலை இறக்கத்தில் மிதித்து மிதித்துச் சூடேறி, முழு அழுத்தமும் அதன்மேல் வந்தால்தான் பிடுங்கிக்கொள்ளும். பழைய ஜீப்பில் பிரேக் ஆயில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே வழியாகத்தான் போகும். ஓர் இடத்தில் பிடுங்கினால் எதிலும் பிரேக் இருக்காது.

இனி விசேஷத்துக்கு வருகிறேன். மைதிலியின் பெண் யுவஸ்ரீக்குக் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடிதான். அப்பன் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கலாம், மாமன் மடியில் குழந்தை உட்காராமல் ஊசியை எடுக்க மாட்டார்கள். அந்த மாமனை முதலில் அழைக்க வேண்டும். புருஷனும் பெண்சாதியும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து நேரில் வந்து அழைப்பார்கள். அதற்கப்புறம்தான் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் ஓனர் ஒருவர் இதே மேசையில் சாய்ந்துகொண்டு, "ஏனுங்க தனபாலு, உங்க மாப்ள ஊட்டுல விசேசமாட்ட இருக்குது, கார்டு வந்துச்சுங்க" என்று செல்போனைக் காட்டினார். நான் முன்பே தெரிந்தவன்போல ஆமாங்க என்று தலையாட்டினேன். அவர் போனதும் என் போனை எடுத்துப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற குரூப்பில் அதே கார்டு கிடந்தது. தாய்மாமன் என்ற இடத்தில் என் பெயர் சரியாகத்தான் இருந்தது. கோழி வாங்குகிறவனுக்கும் தீவனம் விற்கிறவனுக்கும் போன அதே நேரத்தில் மாமனுக்கும் போயிருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் ஜெயப்பிரியாவிடம் சொன்னேன். என் மனைவி என்னைவிட நிதானம். சின்னஞ்சிறுசுகள், அவசரத்தில் அனுப்பியிருப்பார்கள், தட்டோடு வராமலா போய்விடுவார்கள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் கதிர்வேல் ஜீப்பை ஓட்டிக்கொண்டு கடைக்கே வந்தார். நல்ல இலைப் பச்சை நிறம், ஆள் கண் படும்படி கட்டியிருந்தார். என் கண் வண்டிக்குள்தான் போனது. தட்டு எதுவும் இல்லை, மைதிலியும் இல்லை. பிரேக் ஆயில் வேண்டும், காப்பர் வாஷர் வேண்டும் என்றார். கொடுத்தேன். வெளியே வந்து குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தேன். ஹோஸின் ஸ்டீல் வலை பளபளவென்று மின்னியது. விரலை வைத்தேன், தெரிந்துவிட்டது. அவர் கேட்ட சாமானை வாங்கிக்கொண்டு போனார். ஹோஸைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அந்த இரண்டாவது டிராயரை இழுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு ஹோஸ் இருக்கும், ஒரு முனை இஞ்ச், மறுமுனை எம்.எம். அன்றைக்கு அவர் போனதும் நான் என் கையாலேயே அழுத்தி வைத்தவை. எப்படியும் அந்த மரை கொட்டகையிலேயே கசியும், சக்கரத்துக்குக் கீழே ஆயில் சொட்டும், அவர் ஹோஸைக் கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்து, என்னங்க மச்சான் இப்படி ஆகிறது என்று கேட்பார், நான் ஒன்றும் பேசாமல் டிராயரைத் திறந்து இதை எடுத்து வைப்பேன் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருக்கும் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலமே புருஷனும் பெண்சாதியும் வீட்டுக்கு வந்தார்கள். மைதிலி தட்டு வைத்திருந்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், எனக்கு வேட்டி, ஜெயப்பிரியாவுக்குச் சேலை, எல்லாம் முறைப்படி இருந்தது. "கார்டு தெரியாம எல்லாத்துக்கும் போயிருச்சுங்கண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க இல்லாம எம்புள்ளைக்கு ஊசி எடுக்க உடுவனா" என்றாள். கதிர்வேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தப்பு தங்களுடையதுதான் என்று குனிந்து சொன்னார். யுவஸ்ரீ ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். எனக்கு இருந்த மனக்குறை எல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால், காலையில் பார்த்தீர்களே, அப்போது ஏன் சொல்லவில்லை என்று ஒரு கேள்வி வரும். அதுவும் தட்டை வாங்கிய கையோடு. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவரே போன் செய்து, பிரேக் அருமையாகப் பிடிக்கிறது என்றார். சந்தோஷமாகப் பேசுகிறவரிடம் என்ன சொல்வது? விசேஷம் முடியட்டும் என்று விட்டுவிட்டேன். டிராயரை அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டேன்.

அவர்களுடைய குலதெய்வம் கொல்லிமலை மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிளம்பினோம். ஜீப் முன்னால், நானும் ஜெயப்பிரியாவும் என் காரில் பின்னால், மற்றவர்கள் வேனில். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை. எழுபது வளைவும் ஏறி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தோம்.

காது குத்தியபோது யுவஸ்ரீ என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியதும் வீறிட்டு அழுதாள், என் வேட்டியெல்லாம் நனைத்துவிட்டாள். "அழுவாத சாமி, மாமன் இருக்கறன்" என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நேரம் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் எங்கள் பங்காளி சின்னுசாமி ஜீப்பைப் பற்றிக் கேட்டார். இறக்கத்தில் நிற்குமா என்று கேலியாகத்தான் கேட்டார். கதிர்வேல் இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, "பிரேக்கு எங்க மச்சான் பாத்து உட்டதுங்க. அப்பறம் என்ன பயம்" என்றார். பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. சின்னுசாமி தன் வண்டியையும் ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னார். கொண்டு வாருங்கள் என்றேன். சின்னுசாமி இதை உங்களிடம் சொல்லியிருப்பார், அதனால் நான் மறைக்கவில்லை.

கிளம்பும்போது மைதிலியையும் குழந்தையையும் என் காரில் வரச் சொன்னேன். காது புண்ணாக இருக்கிறது, ஜீப்பில் தூக்கித் தூக்கிப் போடும், தூசியும் விழும் என்று சொன்னேன். மைதிலி குழந்தையோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். விசேஷப் பாத்திரங்களை எல்லாம் ஜீப்பில் போட்டுக்கொண்டு கதிர்வேல் மட்டும் தனியாக ஓட்டினார்.

நான் நன்றாக இடைவெளி விட்டு ஓட்டினேன். ஏன் இப்படி உருட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று ஜெயப்பிரியா கேட்டாள். குழந்தை தூங்குகிறது என்றேன். ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி மெதுவானது, திரும்பியது. அதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில் சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி மெதுவாகவில்லை. எப்படியோ ஒடித்துத் திருப்பிவிட்டார். அங்கிருந்து ஹாரனை அழுத்தியவர் கையை எடுக்கவே இல்லை. எதிரே ஏறி வருகிறவர்கள் ஒதுங்கட்டும் என்று அடித்திருக்கிறார். தன் உயிர் போகப்போகிற நேரத்திலும் மற்றவர்களை நினைக்கிற மனிதர் அவர்.

மைதிலி குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்கண்ணா, இவரு எதுக்கு இப்படி ஹாரன் அடிக்கறாரு" என்று கேட்டாள். நான் கியரைக் குறைத்தேன். அடுத்த வளைவுக்கு நாங்கள் வந்தபோது தடுப்புச் சுவர் உடைந்திருந்தது. ஹாரன் கீழே எங்கோ கேட்டது, பிறகு நின்றுவிட்டது. ரோட்டில் ஒரு பெரிய சோற்றுக் குண்டா உருண்டு கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் ஸ்டேஷன் ஃபைலிலேயே இருக்கும். தானே மாற்றிக் கட்டிய வண்டி, பிரேக் செயல்படவில்லை என்று எழுதி முடித்தார்கள். இன்றைக்கு நீங்கள் வரும்வரை யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மைதிலியும் குழந்தையும் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். பண்ணையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். குழந்தையை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது என்பதிலிருந்து எல்லாமே என்னிடம் கேட்டுத்தான் செய்கிறாள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு எங்களை உங்கள் காரில் ஏற்றிக்கொண்டீர்களே, உங்கள் உருவில் அந்தச் சாமிதான் வந்திருக்கிறது என்று அழுதாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. யுவஸ்ரீ காதில் தோடு ஆடுவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். சாப்பிடும்போது என் இலைக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். என்னால் அவளுக்கு ஒரு வாய் ஊட்டிவிட முடியவில்லை.

இப்போது அந்த வெள்ளை டேப்பு.

இந்தத் தொழிலில் யாரும் பிரேக் மரையில் அந்த டேப்பைச் சுற்ற மாட்டார்கள். அது தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவது. ஆடுகிற மரையில் அதைச் சுற்றினால் ஆட்டம் கைக்குத் தெரியாது, இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். அதற்கு மேல் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கதிர்வேலின் கொட்டகையில் நீங்கள் தேடியிருப்பீர்கள், கிடைத்திருக்காது. அதன் சுருள் இதோ உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைக் குழாய் ஒழுகுகிறது என்று வாங்கி வைத்தது.

அவர் கேட்கவில்லை என்று சொன்னேன் அல்லவா. அது பொய். அவர் கேட்டார். அன்று காலையில் ஜீப்பை நிறுத்தியதும் ஆயில், வாஷர் எல்லாம் அப்புறம், முதலில் அதைத்தான் கேட்டார். "மச்சான், இந்த முன்னாடி ஹோஸ் ஏறையில கொஞ்சம் ஆடுதுங்க. புள்ளையக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போறம், ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்றார். அவரே கழற்றி என் கையில் கொடுத்தார். ரிக் ஓனர் செல்போனை நீட்டிய இடத்தில் நின்றுகொண்டு அதை வாங்கினேன். விரலை வைத்தேன். பிறகு அந்தச் சுருளை எடுத்து, மூன்று சுற்றுச் சுற்றி, நானே குனிந்து ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். அவர் ஹோஸைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "இனி ஒண்ணுமில்லீங்க மாப்ள, நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றேன்.

கசியும், திரும்பி வருவார் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தேன். டிராயரில் இருக்கும் ஹோஸ் அதற்குச் சாட்சி என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டேன். மலைமேல் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த நினைப்பு இருந்தது. அவர் உயிர் போக வேண்டும் என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. இதையும் எழுதிக்கொண்டீர்களா? அப்படியானால் இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை நீங்கள் கேட்கவில்லை.

மலையிலிருந்து கிளம்பும்போது அவர் என் கார் ஜன்னலுக்கு வந்து குனிந்தார். விடியலுக்கு முன்பே எழுந்தவர், கண் சிவந்திருந்தது. "நானும் இதுலயே வந்துரட்டுங்களா மச்சான்? ஜீப்பு இங்கயே நிக்கட்டும், நாளைக்கு ஆள உட்டு எடுத்துக்கலாம்" என்று கேட்டார். பின் சீட்டில் மைதிலிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. ஜீப் அங்கேயே நின்றிருந்தால் நானே போய் ஹோஸை மாற்றியிருக்கலாம், ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நான் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, இத்தனை பாத்திரத்தையும் அப்புறம் யார் கொண்டுவருவது என்று கேட்டேன்.

அவர் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "நீங்க சொன்னாச் சரிங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.